நூலகம் சாய்ந்த வாரம்

உலகம் தோன்றிய நாளிலிருந்து மனிதன் கட்டி எழுப்பியவற்றுள் அப்பழுக்கில்லாத நேர் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அது புதிய நூலகத்துப் பெரிய வாசிப்புக்கூடத்தின் சுவர். இப்படிச் சொன்னவர் அந்தச் சுவரைப் பூசியவர். சொன்ன இடம் அவர் வீட்டு முன்னறை. கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி ஒருத்திதான். அவளும் முழுதாகக் கேட்கவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

பூச்சு மேஸ்திரியான அவருக்கு வேலையிடத்தில் ரசமட்டம் என்று பெயர். மற்றவர்கள் இடுப்பில் செல்போன் செருகியிருப்பார்கள் என்றால், இவர் செருகியிருப்பது ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அது. சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலில் மேசை மேல் அதை வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்கவில்லையென்றால் அடுத்த மேசை. மகள் கல்யாணத்தன்று எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அவர்களுக்குப் பின்னால் தொங்கிய அலங்காரத் துணியின் இடது மூலை தாழ்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் படங்களில் பாதியில் அவர் நாற்காலி மேல் நிற்கிறார்.

மனைவி துணி தைப்பவள். முன்னறைதான் அவளுக்குக் கடை. அவளுக்கு அவருடைய மட்டப் பைத்தியம் பழகிப்போயிருந்தது, ஒரு பாவாடையைத் தவிர. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒருவர் அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு பக்க இடுப்பு சற்றே ஏறியிருக்கும். அதற்குத் தக்கபடி துணியில் குண்டூசிகளைச் சாய்வாகக் குத்தி வைத்துவிட்டு இவள் குளிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் ரசமட்டம் ஊசிகளையெல்லாம் பிடுங்கி ஒரே கோட்டில் குத்திவிட்டார், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. தெரியாமல் இவளும் வெட்டித் தைத்துவிட்டாள். அந்தப் பாவாடையை உடுத்திக்கொண்டு தலைமையாசிரியை நேராக நடந்து வந்தாலும், எங்கோ திரும்பிப் போகிறார் என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, சுவரின் பெருமையைச் சொல்லி முடித்த கையோடு ரசமட்டம் இன்னொன்றும் சொன்னார்.

"இன்னைக்கு நடந்த கூத்தைக் கேளு. கூடத்துல எவனோ மூணு தாளை ஒட்டி வச்சிருக்கான். கறுப்பும் வெள்ளையுமா கட்டம் போட்ட தாள். இந்தச் சுவத்துல ஒண்ணு, எதிர்ச் சுவத்துல ஒண்ணு, நடுத் தூணுல ஒண்ணு. ஒண்ணுக்கொண்ணு நாலு விரல் ஏத்த இறக்கம். கண்ணு இருக்கிறவன் அப்படி ஒட்டுவானா?"

"ம்."

"நாளைக்குப் பெரிய ஆளுங்க எல்லாம் பாக்க வர்றாங்க. சும்மா விட முடியுமா? மூணையும் உரிச்சு, மட்டம் பிடிச்சு, ஒரே கோட்டுல ஒட்டிட்டேன். தூணுல மட்டும் தாளோட பூச்சும் கொஞ்சம் பேந்துகிட்டு வந்துச்சு. கையோட கொஞ்சம் அப்பி விட்டேன். இருந்த இடம் தெரியாது."

"கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள் அவள். அவ்வளவுதான் அன்றைக்கு அந்தப் பேச்சு.

மறுநாள் காலை அதே கூடத்துக்கு அவர்களுடைய மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். மாப்பிள்ளைக்கு வேலை கட்டடங்களை ஸ்கேன் எடுப்பது. முக்காலி மேல் ஒரு கருவியை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வான். அது சுற்றிச் சுற்றி ஒளியை வீசி, சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். வரைபடம் போட்டவர்கள் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே ஒரு கட்டடத்தைக் கட்டி வைத்திருப்பார்கள், மாடல் என்பார்கள். அதில் சிமெண்ட் கிடையாது, வெயில் கிடையாது, மதியத் தூக்கம் கிடையாது; ஆகவே எல்லாம் மிகச் சரியாக இருக்கும். அதன் மேல் இந்தப் புள்ளிகளைப் போர்த்திப் பார்த்தால், கட்டியது சரியாக உள்ள இடமெல்லாம் பச்சை. புடைத்திருந்தால் சிவப்பு. உள்வாங்கியிருந்தால் நீலம்.

இந்த வேலையை மாமியார் தெருவில் விளக்கியபோது கொஞ்சம் மெருகேற்றித்தான் விளக்கினாள். "எங்க மாப்பிள்ளை ஸ்கேன் எடுக்கிறவர்" என்று நிறுத்திவிடுவாள். எதை என்று சொல்வதில்லை. விளைவாக, கல்யாணம் முடிந்து முதல் தடவை அவன் வந்தபோது எதிர்வீட்டு அம்மா முழங்காலைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் நல்ல பிள்ளை, உட்கார்ந்து பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னான். வலி குறைந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை ஸ்கேன் முடிவு வந்தது. கூடம் பச்சையாக இல்லை. ஒரு சுவர் மேலே போகப் போகச் சிவந்தது. எதிர்ச் சுவர் மேலே போகப் போக நீலம் பாரித்தது. தரை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. உச்சியில் ஒரு விரல் கனத்துக்குச் சாய்வு. இந்தக் கட்டடத்துக்கு அனுமதித்திருந்ததோ மூன்று மில்லிமீட்டர்தான்.

திட்ட மேலாளர் என்று ஒருவர் இருந்தார். பேசும்போது மேசையின் இரு விளிம்பையும் பிடித்துக்கொள்வார், கப்பலைச் செலுத்துகிறவர் மாதிரி. அவர் கூட்டம் கூட்டி, நாகரிகங்கள் எல்லாம் சாய்வில்தான் தொடங்கிச் சரிவில்தான் முடிந்தன என்று ஆரம்பித்தார். அன்று மாலைக்குள் நூலகம் கிழக்கே சாய்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. காவல்காரர் நாற்காலியை மேற்கு வாசலுக்கு மாற்றிக்கொண்டார். கொத்தனார்கள் கிழக்குப் பக்கம் போகும்போது அடி மேல் அடி வைத்து நடந்தார்கள். டீ கொண்டுவருகிறவர், இது தனக்கு முதலிலேயே தெரியும் என்றார். தட்டில் டம்ளர்கள் எப்போதும் ஒரு பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தனவாம். வரவழைக்கப்பட்ட மண் நிபுணர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, முகர்ந்து பார்த்து, "நினைச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. கிழக்கில் அடுக்கியிருந்த புத்தக அலமாரிகளை மேற்கே மாற்றச் சொன்னார் மேலாளர், பாரத்தைச் சமன் செய்ய.

ரசமட்டத்துக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நூலில் கட்டிய தூக்குக்குண்டைக் கொண்டுவந்து சுவரோரம் தொங்கவிட்டுக் காட்டினார். நூல் சுவரைவிட்டு ஒரு மயிரிழை விலகவில்லை. மேலாளர் சிறிது நேரம் அதைப் பார்த்தார்.

"கட்டடமே சாய்ஞ்சிருக்கு மேஸ்திரி. அதுக்குள்ள தொங்குற குண்டும் சேர்ந்துதானே சாயும்?"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சிலர் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் அடித்தளத்தை யார் பார்ப்பது என்பதில் தகராறு வந்து, யாருக்கும் வலிக்காத ஒரு முடிவு எடுக்கப்பட்டது: இரண்டு சுவர்ப் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டு, மாடலுக்குச் சரியாக இருக்கும்படி வேறு ஆட்களை வைத்துப் பூசுவது. அடுத்த திங்கள் காலை வேலை ஆரம்பம். ரசமட்டத்துக்கு வரவேண்டியிருந்த மேல்தளப் பூச்சும் அந்த வேறு ஆட்களுக்கே.

ரசமட்டம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எதிரே சுவரில் காலண்டர் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. அவர் எழுந்து சரி செய்யவில்லை. மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

இதற்கிடையில் மகள் போன் செய்து, தன் புருஷன் எடுத்த ஸ்கேனை அப்பா நாலு பேர் முன்னால் குண்டு கட்டிக் கேலி செய்தது சரியா என்று கேட்டாள். சுவரைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனுக்கு வலிக்காதா என்று இவர் கேட்டார். பெற்ற பிள்ளை நான்தான், என்னை நீங்கள் இவ்வளவு தடவிக் கொடுத்ததில்லை என்றாள் அவள். போனை யார் முதலில் வைத்தது என்று இரண்டு பேரும் பிறகு சண்டை போட்டார்கள், அம்மா வழியாக.

மாப்பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம். இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமே என்று அவனுக்கே தோன்றியதுண்டு. ஆனால் கெட்ட முடிவு வந்ததும் திரும்ப எடுத்தால், மாமனார் சுவருக்குப் பச்சையடிக்கிறான் என்பார்கள். அந்த பயத்தில் அவன் தேவைக்கு மேலேயே கறாராக இருந்தான். "டேட்டா பொய் சொல்லாது" என்று கூட்டத்தில் சொல்லியிருந்தான். சொன்ன பிறகு ராத்திரித் தூக்கம் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளையும் மாப்பிள்ளையையும் சாப்பிடக் கூப்பிட்டாள் மாமியார். மறுநாள் சுவரில் சம்மட்டி விழுந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் மாமனாரும் மருமகனும் ஒரே மேசையில் உட்காரப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். மீன் வறுத்தாள், கோழி வைத்தாள், முட்டையும் அவித்தாள். நடுநடுவே அவசரத்துக்கு ஒரு சட்டைக்குக் காஜாவும் எடுத்தாள்.

சாப்பாடு அமைதியாக நடந்தது. முள்ளைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. மாமனார் மருமகனிடம் நேராகப் பேசவில்லை. "அவருக்குக் கொஞ்சம் சோறு வை" என்றார். மருமகனும், "மாமாவுக்குத் தண்ணி வேணுமோ என்னவோ" என்று மனைவியிடம் சொன்னான். மகள் இரண்டு பேருக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்து அலுத்துப்போய், "ஏங்க, அந்த ஸ்கேன் படத்தை அப்பாகிட்ட ஒரு தடவை காட்டிருங்க. பாத்தாலாவது புரியும்" என்றாள்.

அவன் கை கழுவிவிட்டு வந்தான். தையல் மேசையில் துணிகளை ஒதுக்கி லேப்டாப்பைத் திறந்தான். திரையில் கூடம் சிவப்பும் நீலமுமாக விரிந்தது.

ரசமட்டம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, என் சுவருக்கு அம்மை போட்டிருக்கா?"

வாரத்தில் அவர் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவன் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். மாமியார் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். சிவப்பும் நீலமும் அவளுக்கு நல்ல சேலைக்கரை மாதிரி இருந்தன. தூணில் சின்னதாக ஒன்று தெரிந்தது.

"இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் என்ன மாப்பிள்ளை?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவன் அவன். உற்சாகம் வந்துவிட்டது. "அதுதான் அத்தை இந்த வேலைக்கே உயிர்நாடி. வியாழக்கிழமையே மூணு தாளை ஒட்டி, ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு தனியா அளந்து வச்சுருவோம். ஸ்கேன்லயும் அந்தத் தாள் விழும். அதை அளந்த இடத்துல கொண்டுபோய்ப் பொருத்துனா, மொத்தக் கூடமும் சரியா வந்து உக்காரும். நீங்க துணியில ஊசி குத்தி வைப்பீங்கல்ல, அந்த மாதிரி வச்சுக்கங்களேன்."

அவள் கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"என்னங்க" என்றாள் கணவரிடம், மிக இயல்பாக. "அடுப்படியில அந்த டப்பா மூடி திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வாங்க."

அடுக்களைக்குள் வந்ததும் அவர், "எந்த டப்பா?" என்றார்.

"அந்த மூணு தாளை எவ்வளவு நகத்துனீங்க?"

"எந்தத் தாளை?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். முன்னறையிலிருந்து, சுவர்கள் எப்படிப் பொருந்துகின்றன என்று மாப்பிள்ளை மகளுக்கு விளக்கும் குரல் கேட்டது. ரசமட்டம் மெல்லக் கீழே பார்த்து, கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார். வாளி ஆடியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பாவாடையா?" என்றார், கிசுகிசுப்பாக.

"பாவாடையேதான்."

முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது; முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். ஒரு வாரமாக ஒரு ஊரே கிழக்குப் பக்கம் பார்த்து பயந்து நடந்ததெல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"சிரிக்காதே. மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? என்னை என்னன்னு நினைப்பார்?"

"சொல்லாட்டி நாளைக்கு உங்க சுவத்தைக் கொத்துவாங்க."

"நீயே சொல்லிரேன். பேச்சோட பேச்சா."

"எனக்கு என்ன தெரியும்? நான் அன்னைக்கு நூல் கோத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இடுப்பில் ரசமட்டம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். சாட்சி சொல்லப் போகிறவர் நடையில் முன்னறைக்குப் போய், மருமகன் எதிரே நின்றார். பின்னாலேயே போன மனைவி, பயத்தில் இன்னொரு முட்டையை எடுத்துப் போய் அவன் கையில் கொடுத்தாள்.

"மாப்பிள்ளை, அந்த மூணு தாளை ஒட்டினது யாரு?"

"நான்தான் மாமா."

"ரொம்பக் கோணலா ஒட்டியிருந்தீங்க" என்றார் ரசமட்டம். "நான்தான் நேராக்குனேன்."

மாப்பிள்ளை முட்டையைப் பிடித்தபடியே இருந்தான். முதலில் விளங்கவில்லை. பிறகு திரையைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், மாமனார் இடுப்பைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வாரத்துச் சிவப்பும் நீலமும் மாறி மாறி வந்து போயின.

"எப்ப மாமா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெரிய ஆளுங்க வர்ற இடம், பாக்க நல்லா இருக்க வேணாமா?"

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பாவைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் மாப்பிள்ளை வழக்கத்துக்கு மாறாக மௌனமாக இருந்தது அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கல்யாணமான ஆறு மாதத்தில் அந்த மௌனத்தை அவள் படித்து வைத்திருந்தாள். மறந்த விஷயம் எதையாவது மறைக்கும்போதுதான் அது வரும்.

"தாளு நகந்தா உங்க மெஷினுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான் அவன்.

"தெரிஞ்சா சொல்லாதா?"

"சொல்லுச்சு." முட்டையை மேசையில் வைத்தான். அது உருண்டது, ரசமட்டம் பிடித்துக்கொண்டார். "மெஷினுக்குள்ளேயே ஒரு மட்டம் இருக்கு. அந்த மட்டமும் தாளும் ஒத்துப்போகலன்னு மஞ்சளா ஒரு பெட்டி வந்துச்சு. மட்டத்தை விட்டுட்டு தாளையே நம்பவான்னு கேட்டுச்சு. நான் சரின்னு அமுக்கிட்டேன்."

"ஏன்?"

"நீதான் போன்ல இருந்த. மெத்தை விரிப்பு நீலமா பச்சையான்னு கேட்டுக்கிட்டு இருந்த."

"பச்சைக்குச் சரின்னு சொன்னீங்களே?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

இதற்கு மேல் மாமியாரால் முடியவில்லை. சிரித்தாள். மகளுக்கும் தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளை சிரிக்கலாமா என்று மாமனாரைப் பார்த்தான். அவரோ வேறு ஒன்றில் சிக்கியிருந்தார்.

"உள்ளேயே மட்டம் இருக்கா? நிஜமாவா?" என்றார், கண் பளபளக்க. "குமிழி எவ்வளவு பெருசு?"

சாயங்காலம் வரை இருவரும் கருவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் கிளம்பும்போது மாமனார் எழுந்து காலண்டரை நேராக்கினார். மாமியாருக்கு நிம்மதியாயிற்று.

திங்கட்கிழமை காலை, சம்மட்டிக்காரர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை மேலாளரிடம் போய், இடிப்பதற்கு முன்பு இருந்த நிலையைப் பதிவு செய்து வைப்பது நல்லது என்றான். பதிவு என்ற சொல் மேலாளருக்கு எப்போதுமே பிடிக்கும். புதிய தாள்கள் ஒட்டி, அளந்து, ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்த நேரம் முழுக்க ரசமட்டம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தாள்கள் இந்தத் தடவையும் கோணல்தான், உள்ளே வந்தால் கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரியும். மதியத்துக்குள் கூடம் திரையில் பச்சைப் பசேலென்று வந்து நின்றது.

தாள் நகர்ந்த விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் மாப்பிள்ளை போனான். மேலாளர் அதற்குள் மேசை விளிம்பைப் பிடித்துவிட்டார். தக்க தருணத்தில் அலமாரிகளை மேற்கே மாற்றியதால் கட்டடம் நிமிர்ந்துவிட்டது என்றும், தலைமை என்பது இதுதான் என்றும் சொன்னார். மண் நிபுணர் இன்னொரு பிடி மண்ணை முகர்ந்து, "இப்பப் பரவாயில்லை" என்றார். டீக்காரர் டம்ளர்கள் நகர்வது நின்றுவிட்டது என்றார். இவ்வளவு பேரின் சந்தோஷத்தைக் கெடுக்க மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. அல்லது மஞ்சள் பெட்டி ஞாபகம் வந்திருக்கலாம். அலமாரிகள் இன்றைக்கும் மேற்கேதான் இருக்கின்றன. அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்க இடமில்லை.

சம்மட்டிக்காரர்கள் சும்மா திரும்பிப் போனார்கள். மேல்தளப் பூச்சு ரசமட்டத்துக்கே வந்தது.

மாப்பிள்ளை அந்தப் பச்சைப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். ரசமட்டம் அதைத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினார். மாட்டுவதற்கு அரை நாள் ஆயிற்று. துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்த்தாக வேண்டும். உலகம் தோன்றிய நாளிலிருந்து என்று அவர் ஆரம்பிப்பார். எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் முழங்காலைத் தடவிக்கொண்டே உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாம் பச்சையாக இருக்க, தூணில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக என்ன என்று கேட்டாள். அச்சு மை கொட்டியிருக்கும் என்றார் ரசமட்டம். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அது தாளை உரித்த இடத்தில் அவர் கையோடு அப்பியது. ஆறு மில்லிமீட்டர் புடைத்திருக்கிறது.